பின்பக்கத் தட்டைப் பார்த்தாயா?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டு நானும் அம்மாவும் கேட்டோம். பொங்கலுக்கு நீங்கள் இங்கே இருந்த பத்து நாளில் அங்கே மெயின் ட்ரிப் ஆகி, ஃப்ரீசரில் இருந்த சீலா மீன் அழுகி வடிந்துவிட்டது, நாலு நாளாகக் கழுவுகிறேன், ரெண்டு ஸ்பிரே டப்பா காலி, வீடு இப்போ மல்லிகைப்பூ விற்கிற மீன் மார்க்கெட் மாதிரி இருக்கிறது என்றாயே, அதற்கு அம்மா சிரித்த சிரிப்பில் மீதி எதுவும் எனக்குக் கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய். அதனால் எழுதி, மாப்பிள்ளை வாட்ஸப்புக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஸ்பிரே இனி வாங்காதே. சாம்பிராணியும் வேண்டாம். நாற்றம் எங்கேயோ ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்கிறவரைக்கும் என்ன புகை போட்டாலும் வீண்தான்.

நீ கழுவியதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம். ஃப்ரிட்ஜுக்குள் பின்சுவரில், காய்கறிப் பெட்டிக்கு மேலே, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பனி உருகுகிற தண்ணீர் அது வழியாக இறங்கிப் பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கிற தட்டில் விழும். மீன் தண்ணியும் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். இப்போது அது கம்ப்ரஸர் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்துகொண்டு வீடு முழுக்க வீச்சம் அடிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் பார். தட்டு கழன்று வந்தால் நல்லது. வராவிட்டால் குச்சியில் துணி சுற்றித் துடைத்து எடு. ஓட்டைக்குள் சோப்புத் தண்ணீரை ஊசி போடுகிற சிரிஞ்சால் நாலைந்து தடவை பீய்ச்சு. கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பார். அதில் இருக்கிற கறுப்பைப் பழைய டூத் பிரஷால் தேய்.

முதலில் சோப்பு, அப்புறம்தான் மருந்து. இத்தனை வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து தொண்டை வறளச் சொன்னது இதைத்தான். தெளிந்த கிணற்றுத் தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். அதே பவுடரைக் குப்பை மேல் கொட்டினால் குளோரின் அழுக்கோடேயே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. ஆகவே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசி, பிறகு வாசனை சேர்க்காத பிளீச் லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி கலந்து துடைத்துக் காய விடு. அது காய்ந்தபின் ஒரு லிட்டருக்கு இரண்டு பெரிய ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து இன்னொரு துடைப்பு. கதவைத் திறந்தே ஒரு நாள் வை. துடைத்த துணியைக் குப்பையில் போட்டுவிடு. அதையே மறுபடி உபயோகித்தால் நாற்றத்தை நீயே வீடெல்லாம் தடவுகிறாய்.

பிளாஸ்டிக் டப்பாக்களில் மீன் தண்ணி ஊறியிருந்தால் இரக்கம் பார்க்காமல் தூக்கிப் போடு. அடுக்களை மேடை, அரிவாள்மனை இதற்கெல்லாம் அம்மா புளித்தண்ணி என்கிறாள். சரிதான். மீன் கவிச்சி காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கும். நான் இதை டிரெயினிங்கில் படித்தேன், அவள் உன் ஆச்சியிடம் படித்தாள். ஆனால் புளியோ எலுமிச்சையோ பட்ட இடத்தை நன்றாக அலசாமல் பிளீச் பக்கமே போகாதே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழை உனக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. நம் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வடிந்தபின் தரையெல்லாம் சாக்கடைச் சேறு. நான் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லையே என்று அதன் மேலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றினேன். அப்போது கதவும் சாத்தியிருந்தது. தொண்டையில் கத்தி வைத்த மாதிரி இருந்தது, கண் திறக்க முடியவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தாள். பாத்ரூமில் கிளம்பியது குளோரின் வாயு. ஊருக்கெல்லாம் கூடாது என்று பாடம் எடுத்தவன் செய்த வேலை! ரெண்டு நாள் இருமினேன். சளி பிடித்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னோம்.

இன்னொன்று. நீ சொன்னதைக் கேட்டால் பாதி நாற்றம் ஃப்ரிட்ஜில் இல்லை என்று தோன்றுகிறது. ராத்திரியில் ஜாஸ்தி, பாத்ரூம் பக்கம் போனால் ஜாஸ்தி என்றாய். வீடு பத்து நாள் பூட்டிக் கிடந்தால் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையை மூடியிருக்கிற ஜாலிக்குக் கீழே, குழாய் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிப்போகும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிற கதவு. இதற்கு மருந்து ஒரு கப் தண்ணீர்தான். ஒவ்வொரு ஜாலியிலும், பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கம் இருப்பதிலும் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மூக்கை வைத்துப் பார். இதை முதலில் செய், ஃப்ரிட்ஜை அப்புறம் இழுக்கலாம். மாப்பிள்ளை வந்தபிறகு இழு, தனியாக வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஃப்ரிட்ஜுக்குள் வாடை இருந்தால், தண்ணி உள்சுவருக்குள் இருக்கிற பஞ்சில் இறங்கியிருக்கும். அதற்கு மேல் நீ கையை வலிக்க வைக்காதே, ஆளைக் கூப்பிட்டுக் காட்டு.

அடுத்த வாரம் பெரியப்பா சென்னை வருகிறார். அவரிடம் அம்மா கருவாடு கொடுத்துவிடுகிறாளாம். நான் எவ்வளவோ சொன்னேன். நாலு கவர் போட்டுக் கட்டியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா