உன் அட்டவணையில் ஒரு காலிக் கட்டம்

அன்பு மகள் கயலுக்கு,

உன் கடிதமும், அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த அட்டவணையும் கிடைத்தன. விடுதிக்குப் போன மறுநாளே உட்கார்ந்து இதைப் போட்டிருக்கிறாய். அம்மாவும் நானும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தோம். வகுப்புகள் நீலத்தில், படிப்பு பச்சையில், திருப்புதல் சிவப்பில். கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமைப் பத்தியில் எதையோ எழுதி அழித்து, மறுபடி எழுதி மறுபடி அழித்ததில் காகிதம் பஞ்சுபோல் எழும்பியிருக்கிறது. அம்மா அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். காலை 5 மணி முதல் இரவு 11.30 வரை, அரை மணிக்கு ஒன்றாக 37 கட்டங்கள். ஒன்றுகூடக் காலியாக இல்லை.

முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். இலக்குகள் என்று நான்கு எழுதியிருக்கிறாய். மதிப்பெண்ணில் முதலிடம், ஒரு புதிய மொழி, ஆண்டுக்கு ஐம்பது நூல்கள், நான்காவதாக 'நாலு பேர் முன்னால் பயப்படாமல் பேச வேண்டும்' என்பது. அதை மட்டும் சின்ன எழுத்தில், மூலையில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. மற்ற மூன்றும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவை. இது நீயே உன்னைப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஐம்பது நூல்களை இந்த ஆண்டுக்கு விட்டுவிடு. எண்ணிக்கைக்காகப் படித்தால் பக்கத்தைப் புரட்டத்தான் கை அவசரப்படும்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். 'கணிதம், 2 மணி நேரம்' என்று எழுதியிருக்கிறாய். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே அந்தக் கட்டம் நிறைந்துவிடும், கயல். எது தெரிந்தால் எழுந்திருக்கலாம் என்று அதில் இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால்தான் சொல்கிறேன்.

கல்லூரி முதல் ஆண்டில் என் புத்தகங்களைப் பார்த்தால் சிவப்பு மையில் நனைந்தது போல் இருக்கும். அடிக்கோடு இடாத வரியே கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை வாசித்தேன். தேர்வில் நான் நன்றாகப் படித்ததாக நம்பிய பகுதியிலிருந்தே கேள்வி வந்தது. அந்தப் பக்கம் அப்படியே கண்ணுக்குள் நின்றது. இடது பக்கம், கீழ் மூலை, பக்கத்தில் நான் போட்ட நட்சத்திரக் குறி. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. அந்தத் தாளில் தேறவில்லை. உன் பாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

பல ஆண்டுகள் கழித்து, வேலையில் இருந்துகொண்டே மாலையில் படித்துத் தேர்வு எழுதிய நாட்களில்தான் இதற்கு விடை கிடைத்தது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அது அப்படியே தலைகீழானது. நான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. நினைவில் நிற்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? நான்கு முறை படித்தவர்கள்தான். அதை வாசித்தபோது என் சிவப்பு மைப் புத்தகங்கள்தான் நினைவுக்கு வந்தன. யாராவது ஒருவர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அதனால் உனக்கு இன்றே சொல்கிறேன்.

புத்தகத்தை மூடு. வெற்றுத் தாளை எடு. தெரிந்ததை எழுது. எங்கே பேனா நிற்கிறதோ அதுதான் அன்றைக்கு நீ படிக்க வேண்டிய இடம். 'கணிதம், 2 மணி நேரம்' என்பதை அழித்துவிட்டு, 'இன்று வகுப்பில் போட்ட மூன்று கணக்குகளைப் பார்க்காமல் போட வேண்டும்' என்று எழுது. முக்கால் மணியில் முடிந்தால் எழுந்து போ. மூன்று மணியாகியும் வரவில்லை என்றால், மறுநாள் ஆசிரியரிடம் எடுத்துப்போக உன் கையில் ஒரு தெளிவான கேள்வி இருக்கும். வகுப்பு முடிந்ததும் போய்க் கேள். உன் நான்காவது இலக்கும் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும்.

சிவப்புக் கட்டங்கள் எல்லாமே ஞாயிற்றுக்கிழமையில் குவிந்திருக்கின்றன. திங்கட்கிழமைப் பாடம் ஆறு நாள் காத்திருக்காது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்தார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் பாய்ந்து ஓடுகிறது, ஒரு நாள் கழிந்தபின் தேய்வது மெதுவாகத்தான். அதனால் அன்றன்றைய பாடத்தை அன்று மாலையே பத்து நிமிடம் எழுதிப் பார். இரண்டு நாள் விட்டு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. மொத்த நேரம் அதிகமாகாது, பரவி நிற்கும்.

தூக்கத்துக்கு ஐந்தரை மணி நேரம்தான் விட்டிருக்கிறாய். இதில் அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள்: "இதற்கு நான் ஒப்பமாட்டேன்." உன் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் வேண்டும் என்பதே மருத்துவம் அறிந்தவர்களின் கணக்கும்.

கடைசியாக, உன் அட்டவணையில் இல்லாத அந்தக் காலிக் கட்டம். கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தவறிப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளியான ஆய்வு இது. மிக மோசமாக நடந்தால் என்று நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை, பார். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. திட்டம் போடும்போது வேலை மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. காய்ச்சலும், அறைத்தோழியின் அழுகையும், சும்மா சுவரைப் பார்த்து உட்காரத் தோன்றும் ஒரு மாலையும் தெரிவதில்லை.

உன்னை எனக்குத் தெரியும். ஒரு நாள் தவறினால் அட்டவணை முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கோடு போட உட்காருவாய். பத்தாம் வகுப்பில் மூன்று முறை அப்படிச் செய்தாய். மூன்று முறையும் ஒரு முழு மாலை கோடு போடுவதிலேயே போனது. வெள்ளிக்கிழமை மாலையை ஒன்றும் எழுதாமல் விடு. வாரத்தில் தவறியது அங்கே வந்து சேரட்டும். எதுவும் தவறவில்லை என்றால் அந்த மாலை உனக்கு. தோழிகளோடு வெளியே போய் வா. முதல் சில வாரங்களில் வீட்டு நினைவு வரும். வந்தால் படிப்புக் கெடுகிறதே என்று பதறாதே. எங்களை அழைத்துப் பேசு, எத்தனை மணியானாலும்.

அட்டவணையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கோடுகளில் கை வைக்கவில்லை. தோன்றியதை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், சரியில்லை என்றால் அழித்துவிடு. வெள்ளிக்கிழமைப் பத்தியில் மட்டும் மெதுவாக அழி, அங்கே காகிதம் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா