இரவு இரண்டு மணி மருந்தையும் கணக்கில் எடுங்கள்

அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் குழுவினருக்கு,

வணக்கம். என் நான்கு வயது மகளுக்குப் புரோசுமாப் ஊசி கேட்டு மருத்துவர் அனுப்பிய விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. பாஸ்பேட் மருந்தை ஒழுங்காகக் கொடுத்து வந்தாலே போதும் என்றும், சுவை பிடிக்கவில்லை என்பது மருத்துவக் காரணம் ஆகாது என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். பாஸ்பேட் சிறுநீரில் வீணாகி எலும்புகள் வலுவிழந்து வளையும் அவளுடைய பரம்பரை நோயான, எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஹைப்போபாஸ்படீமியா பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'ஒழுங்காக' என்ற அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் என்னவாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேளை மருந்தால் ஏறும் பாஸ்பேட் அளவு சில மணி நேரத்திலேயே பழையபடி இறங்கிவிடும் என்பதால், நாளொன்றுக்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு வேளை இரவு இரண்டு மணிக்கு. தண்ணீரில் கரைத்தால் உப்பும் கைப்புமாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும் மருந்து அது. பாலில் கலந்து ஏமாற்றவும் வழியில்லை, பாலில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. அரைத் தூக்கத்தில் அவளை மடியில் உட்கார வைத்து, கணவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரமாக நுழைத்துத் துளித்துளியாக விடுகிறேன். "இன்னைக்கு மட்டும் வேணாம்மா" என்று அழுவாள். சில இரவுகளில் முழுவதையும் வாந்தி எடுத்துவிடுவாள். மறுபடியும் கொடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருப்போம். விடிந்தால் வயிற்றுப்போக்கு. இப்போதெல்லாம் அவள் தூங்கும்போதே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு படுக்கிறாள். அந்தக் கையை விலக்கித்தான் தினமும் மருந்து கொடுக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி எக்ஸ்ரேயில் முழங்கால் பகுதியில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மைக் கோளாறு அப்படியே இருக்கிறது, கால் வளைவும் குறையவில்லை. மருந்தைக் கூட்டினால் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறித் தூண்டப்படலாம், சிறுநீரகத்தில் கால்சியம் படியலாம் என்று மருத்துவரே தயங்குகிறார். நாங்கள் கேட்கும் ஊசியோ, பாஸ்பேட்டைச் சிறுநீரில் விரயமாக்கும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனையே தடுக்கிறது. குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும், பாஸ்பேட் மருந்தை நிறுத்திவிடலாம். ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு 2018-இலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. 61 குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்விலும் வழக்கமான சிகிச்சையைவிட இதில்தான் ரிக்கெட்ஸ் நன்றாகக் குறைந்தது. ஆகவே எங்கள் மகளின் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

உங்கள் படிவத்தில் உயரத்துக்கும் எடைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் கட்டங்கள் இருக்கின்றன. எத்தனை வேளை மருந்து வாந்தியாக வெளியே வந்தது என்று எழுத ஓர் இடமும் இல்லை. மருந்துச்சீட்டில் எழுதியதெல்லாம் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். அப்படிப் போகாதபோது குறை பெற்றோர் மீது விழுகிறது. இது எந்த விதத்தில் நியாயம்? ஒரு குழந்தையால் விழுங்க முடியாத மருந்தை அந்தக் குழந்தைக்குப் போதுமான சிகிச்சை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? ஓர் இரவாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர் இதைச் சுவைப் பிரச்சினை என்று எழுதியிருக்க மாட்டார்.

கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன் குவியும் விண்ணப்பங்களும், அவற்றுள் தேர்ந்தெடுக்க வேண்டிய சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு வேளை மருந்தும் கொடுத்த நேரம், உள்ளே போன அளவு, வாந்தி, விழித்திருந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்த நோட்டின் நகலையும் மருத்துவரின் புதிய கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றைப் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்திலேயே எங்கள் விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்