அந்தப் படத்த எடுத்தவங்க பேரையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல மாணவர் பக்கத்துல டி.என்.ஏ பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம், படிவம் 5 படிக்கிற என் தங்கச்சி மவ உடனே கத்தரிச்சு அவ பைல்ல ஒட்டி வச்சுக்கிட்டா. ஆனா அந்தப் பக்கத்து நடுவுல கறுப்பு வெள்ளையில ஒரு படம், பெருக்கல் குறி மாதிரி கறுப்பு கறுப்பா கோடு, அதுக்குக் கீழ வாட்சனும் கிரிக்கும் கண்டுபிடிச்ச டி.என்.ஏ-னு எழுதியிருந்துச்சு. டி.என்.ஏ-வோட ரெட்டைச் சுருள் மாடல கட்டுன கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிங்க அவங்க ரெண்டு பேரும், ஆனா அந்தப் படத்த அவங்க எடுக்கலங்க. 1952 மே மாசம் லண்டன் கிங்ஸ் காலேஜ்ல எடுத்தது அது, போட்டோ 51-னு சொல்வாங்க. கேமரா வேலைய பாத்தது ரேமண்ட் கோஸ்லிங்ங்கற ஆராய்ச்சி மாணவர், அந்த ஆராய்ச்சியையே நடத்துனது ரோஸலின்ட் பிராங்ளின். கட்டுரை பூரா தேடிட்டேன், அந்தம்மா பேரு ஒரு எடத்துலயும் இல்ல.

படம்னா என்னமோ டக்குனு எடுத்துட்டு போற மாதிரி பசங்க நினைச்சுக்கிறாங்க. சுவிட்சர்லாந்துல ருடால்ப் சிக்னர்ங்கறவரு பிரிச்சு எடுத்துக் கொடுத்த டி.என்.ஏ, ஈரப்படுத்தி ஊசி முனையால தொட்டு இழுத்தா முடியவிட மெல்லிசா நூல் வரும், அந்த நூல நிறுத்தி வச்சு எக்ஸ்ரேய விட்டு 60 மணி நேரத்துக்கு மேல காத்திருந்தாதான் பிலிம்ல ஏதாச்சும் விழும். அதுவும் அதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் கலங்கலா வந்துச்சு, ஏன்னு யாருக்கும் சரியா புரியல. பிராங்ளின்தான் காரணத்த பிடிச்சாங்க, ஈரம். டி.என்.ஏ நூல் காஞ்சா குட்டையா தடிமனா ஆகுது, ஈரமானா நீண்டு மெலியுது, ரெண்டும் கலந்து கிடந்தா படமும் கலங்கத்தானே செய்யும். உப்புக் கரைசல் வழியா வாயுவ விட்டு கேமராக்குள்ள எவ்வளவு ஈரம் இருக்கணும்னு அவங்களே கட்டுப்படுத்தி, காஞ்சத ஏ வடிவம், ஈரமானத பி வடிவம்னு தனித்தனியா பிரிச்சாங்க. போட்டோ 51 அந்த பி வடிவம்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில தரம் பாக்குற கியூசி-ல ரொம்ப வருஷம் இருந்தவ, மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சு வச்சே பாதி ஆயுசு போச்சு, ரூம்ல ஈரம் கொஞ்சம் ஏறுனாலே என்ன பாடு படணும்னு எனக்குத் தெரியும். நல்ல ரீடிங் தானா வராது, ஒருத்தர் உக்காந்து தப்பு எங்க வருதுனு தேடித் தேடி அடைச்சாதான் வரும். அந்த வேலைய செஞ்சவங்க பேர விட்டுட்டு, ரிப்போர்ட் எழுதுனவங்க பேர மட்டும் போட்டா எப்படிங்க?

இதுல இன்னொண்ணு, அவங்க வெறும் படம் எடுத்துக் கொடுத்தவங்க இல்ல. 1951 கடைசியில வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜ்ல முதல்ல ஒரு மாடல் கட்டுனாங்க, மூணு இழை, டி.என்.ஏ-வோட ஒரு பகுதியான பாஸ்பேட்டெல்லாம் உள்ள. பிராங்ளின் நேர்ல போய் பாத்து இது தப்பு, டி.என்.ஏ இவ்வளவு தண்ணி பிடிக்குதுனா பாஸ்பேட் வெளியதான் இருக்கணும்னு சொல்லிட்டு வந்தாங்க. அவங்க சொன்னதுதான் சரினு ஆச்சு. அப்புறம் படத்துல இருக்கிற அந்தப் பெருக்கல் குறி, அது சுருள் வடிவம்னு காட்டுது, கோட்டுக்கு கோடு உள்ள இடைவெளிய வச்சு கணக்கு போட்டா ஒரு சுத்துக்கு 34 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு), சுருளுக்குள்ள ஏணிப்படி மாதிரி அடுக்கியிருக்கிறதுல படிக்கு படி 3.4 ஆங்ஸ்ட்ராம், அப்படினா ஒரு சுத்துக்கு 10 படி. இந்த அளவெல்லாம் அவங்க லேப்ல உக்காந்து அளந்து கணக்குப் போட்டது.

1953 ஜனவரியில அதே கிங்ஸ் காலேஜ்ல இருந்த மாரிஸ் வில்கின்ஸ் அந்தப் படத்த வாட்சன்கிட்ட காட்டுனாரு, பிராங்ளினுக்குத் தெரியாம. பலரும் இதோட கதைய நிறுத்திடறாங்க, ஆனா என் பார்வையில இதவிட பெருசு கிங்ஸ் காலேஜ் ரிப்போர்ட்தான். ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற மெடிக்கல் ரிசர்ச் கவுன்சிலுக்காக எழுதுன அறிக்கை, அதுல பிராங்ளினோட அளவெல்லாம் இருந்துச்சு, அது கேம்பிரிட்ஜ்ல இருந்த மேக்ஸ் பெருட்ஸ்ங்கற விஞ்ஞானி வழியா கிரிக் கைக்குப் போச்சு. அதுல இருந்த சமச்சீர் விவரத்த பாத்துதான் ரெண்டு இழையும் எதிர் எதிர் திசையில ஓடுதுனு கிரிக்குக்கு பளிச்சுனு பட்டுச்சு. இதுவும் அந்தம்மாகிட்ட கேட்டு நடந்தது இல்ல.

வாட்சன், கிரிக் ஒண்ணுமே பண்ணலனு நான் சொல்லவரல. அந்தப் படிகள்ல இருக்கிற நாலு வேதிப்பொருள்ல ஏ-க்கு டி, ஜி-க்கு சி-னு ஜோடி சேருதுங்கறது அவங்க மூளையில உதிச்சது, அது பெரிய விஷயம், அத யாரும் பறிக்க முடியாது. ஆனா பிராங்ளினும் ரொம்ப கிட்ட வந்துட்டாங்க, 1953 பிப்ரவரியில அவங்க நோட்டுப் புத்தகத்துலயே ரெட்டைச் சுருள்னு எழுதிட்டாங்க. அதே வருஷம் ஏப்ரல் 25-ல நேச்சர் இதழ்ல மூணு கட்டுரை ஒண்ணா வந்துச்சு, வாட்சன் கிரிக் முதல்ல, பிராங்ளின் கோஸ்லிங் கட்டுரை மூணாவதா, அதனால படிக்கிறவங்களுக்கு என்னமோ இவங்க பின்னாடி வந்து ஆமாம்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அளவு எடுத்தது முதல்ல, மாடல் அப்புறம், அச்சுல வந்ததோ தலைகீழா.

இதப் பத்தி எனக்குத் தெரிஞ்ச டியூஷன் டீச்சர் ஒருத்தர்கிட்ட பேசுனேன், எஸ்பிஎம் பரீட்சைக்கு அதெல்லாம் வேணாம், பாவம் செத்துட்டாங்க, நோபல் கிடைக்கல, அவ்வளவுதான்னு சொன்னாரு. அந்தப் பாவம்ங்கற பேச்சும் எனக்குப் பிடிக்கல. 1958-ல சினைப்பை கேன்சர்ல 37 வயசுல போயிட்டாங்க, உண்மைதான், 1962-ல நோபல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூணு பேருக்குப் போச்சு, அதுவும் உண்மைதான். ஆனா அந்த 37 வயசுக்குள்ள நிலக்கரியோட உள்ளமைப்ப ஆராய்ஞ்சு பேரு வாங்குனவங்க அவங்க. டி.என்.ஏ-வ விட்டுட்டு பர்க்பெக் காலேஜுக்குப் போய் புகையிலைய தாக்குற வைரஸ் எப்படி கட்டப்பட்டிருக்குனு காட்டுனாங்க, கடைசியில போலியோ வைரஸையும் எடுத்துக்கிட்டாங்க, உடம்பு முடியாத நேரத்துலயும் வேலைய விடல. அவங்க கூட வேலை செஞ்ச ஏரன் குளூக் பிற்பாடு 1982-ல வேதியியல் நோபல் வாங்குனாரு. இவங்கள பாவம்னு ஒரு வரியில முடிக்கிறது நியாயமா சொல்லுங்க.

இவங்களுக்கு முன்னாடியே, 1938-ல, இங்கிலாந்து லீட்ஸ்ல ஆஸ்ட்பரிங்கற விஞ்ஞானியோட லேப்ல பிளாரன்ஸ் பெல்னு ஒரு பொண்ணு டி.என்.ஏ-வ எக்ஸ்ரே படம் எடுத்திருக்கு. போர் வந்துச்சு, படையில சேந்தாங்க, அமெரிக்காக்காரர கல்யாணம் பண்ணி அங்க போயிட்டாங்க, அவங்க பேரு அநேகமா யாருக்குமே தெரியாது. ஒரு வாரம் இவங்களப் பத்தியும் எழுதச் சொல்லுங்க, என் தங்கச்சி மவ மாதிரி பிள்ளைங்க லேப்புக்குப் போகணும்னு ஆசைப்படுறப்ப அங்க பொண்ணுங்க ஏற்கனவே இருந்தாங்கன்னாவது தெரியட்டும்.

நான் கேக்குறது பெரிய விஷயம் இல்ல ஐயா. வர்ற ஞாயிறு மாணவர் பக்கத்துல அந்தப் படத்த திரும்பப் போட்டு, கீழ போட்டோ 51, ரோஸலின்ட் பிராங்ளின், ரேமண்ட் கோஸ்லிங், கிங்ஸ் காலேஜ், லண்டன், 1952-னு ஒரு வரி போடுங்க. அத வெட்டி பழைய தாள் மேலயே ஒட்டிக்கிறேன்னு பிள்ள சொல்லியிருக்கா, அறிவியல் விழாவுக்கு அந்த பைலத்தான் கொண்டுபோகப் போறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு