அக்காவையும் தம்பியையும் ஒரே சீட்டில் உட்கார வையுங்கள்

தமிழ்ப் பட இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். எனக்கு உங்களிடமிருந்து ஒரு படம் வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன், அக்கா, தம்பி மூன்று பேரும் அப்பாவுக்குத் திதி கொடுக்க ஒன்றாகக் கிளம்பி எங்கள் ஊருக்கு வருகிற படம். வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும், சிரிக்கும்போதே தொண்டையும் அடைக்க வேண்டும்.

எங்கள் கடற்கரைக்கு கேமரா வராமல் இல்லை. வந்தால் நேராக தனுஷ்கோடிக்குப் போய்விடுகிறது. இடிந்த தேவாலயத்தில் ஒரு பாட்டு, அல்லது ஒரு சோகக் காட்சி, அத்தோடு முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு மக்களைக் கடல் கொண்டுபோன மண் அது. சொத்துச் சண்டைக்காரர்களை அந்தச் சுவரில் சாய்த்து அழவிடாதீர்கள். அந்தத் துக்கம் வேறு வீட்டுத் துக்கம்.

உங்கள் கதை எழும்பூரிலேயே தொடங்கிவிடும். ராமேசுவரம் வருகிற போட் மெயில் ரயிலில் மூன்று பேருக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் அண்ணனுக்கு மட்டும் பெர்த் உறுதியாகி, மற்ற இருவருக்கும் ஆர்ஏசி, அதாவது இருவருக்கும் சேர்த்து ஒரே சைடு சீட். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்ற அக்காவும், அந்தப் பத்திரத்தை எழுதிக்கொண்டு வந்த தம்பியும் அந்த சீட்டில் ராத்திரி முழுக்க முழங்கால் இடிக்க உட்கார்ந்து வர வேண்டும். மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்ற 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் எத்தனை வீட்டில் இந்தப் பங்குப் பேச்சு வந்து, பொங்கல் சீர் நின்று போயிருக்கிறது! பார்க்கிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

கோயிலுக்கு எதிரே கடற்கரையில் இருக்கிற அக்கினி தீர்த்தத்தில்தான் படத்தின் நல்ல இடம் இருக்கிறது. கரையில் உட்கார வைத்து, எள்ளும் தண்ணீரும் விடும்போது புரோகிதர் பெயர் கேட்பார். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கும் அப்பா பெயர். அண்ணன் இரண்டாவதிலேயே நின்றுவிடுவான். தம்பி ஒரு பெயர் சொல்வான், அண்ணன் அது தாய்வழித் தாத்தா என்பான். அலைச் சத்தத்தில் ஊரில் இருக்கிற அத்தைக்குப் போன் போடுவார்கள், அத்தைக்குக் காது கேட்காது. பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு எல்லாப் பெயரும் தெரியும், பாட்டிமார் பெயர் உட்பட. அவளிடம் யாராவது கேட்க வேண்டும், யார் முதலில் வாய் திறப்பது? இந்தக் காட்சிக்கு வசனகர்த்தா மெனக்கெட வேண்டாம், காலையில் போய்க் கரையில் நின்றாலே போதும்.

அடுத்தது கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்றுக் கட்டையில் நிற்கிறவர் வாளியைத் தூக்கி ஊற்றும்போது யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்க்க மாட்டார். மூன்று பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லி ஒரே வாளி. ஈரத் துணியோடு வழுக்குகிற கல்தளத்தில் அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். அக்கா தடுமாறினால் பிடிக்க ஒரு கை வேண்டும்.

ஆனால் ஒன்று, தயவுசெய்து கடைசியில் கட்டிப்பிடிக்க வைக்காதீர்கள். நான் மேசையில் பார்ப்பது அப்படி இல்லை. தனித்தனி பில் கேட்கிறார்கள், தனித்தனி ஆட்டோவில் போகிறார்கள். ஒரு பெரியவர், தங்கை குளிக்கப் போன நேரத்தில் இறங்கி வந்தார். "அவளுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. கீழே ரூம் காலியானா மாத்திக் கொடுங்க தம்பி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். வித்தியாசத் தொகையை அப்போதே கொடுத்துவிட்டார். சாயங்காலம் அந்த அம்மா அறை மாறினார். அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாள் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

உங்கள் படம் அந்த அளவுக்குப் போனால் போதும். வழக்கு கோர்ட்டிலேயே இருக்கட்டும். தயாரிப்பாளர் க்ளைமாக்ஸில் சமாதானம் கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த வருஷத் திதிக்கு யார் டிக்கெட் போடுவது என்று மூன்று பேரும் ரயில்வே ஸ்டேஷனில் சண்டை போடட்டும், அத்தோடு முடியுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வராதீர்கள், நெரிசலில் எதுவும் காதில் விழாது. சாதாரண நாளில் வாருங்கள். வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராமேசுவரத்திலிருந்து ஒரு ரசிகன்