சவுத்லாந்திலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நியூசிலாந்தில் நலம். அம்மா, அப்பா, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் நலமா?

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் போட்டால் சிரித்தே மழுப்பிவிட்டு வைத்துவிடுகிறான், எப்படி இருக்கிறான் என்று ஒன்றும் பிடிபடவில்லை, நாலு வரி எழுதச் சொல்லு என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். உடனே எழுத முடியவில்லை. செப்டம்பர் இங்கே ஆடு ஈனும் மாதம். விடியும் முன்னே வெளியே போனால் இருட்டிய பிறகுதான் வீடு. இப்போது பெரும்பாலும் ஈன்று முடிந்தது. இன்றைக்கு ஞாயிறு, மழையும் விடுவதாக இல்லை, சரி என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டு. கடைசித் தாள் உனக்கும் மச்சானுக்கும் மட்டும். அதைத் தனியே எடுத்து வைத்துக்கொள்.

முதலில் அப்பாவின் கேள்விகள். எத்தனை உருப்படி என்று கேட்டிருந்தார். மூவாயிரத்துக்கு மேல் தாயாடு, பார்த்துக்கொள்ள முதலாளியோடு சேர்த்து மூன்று பேர். கிடைக்குக் காவல் யார் படுப்பது என்று கேட்டிருந்தார். யாரும் படுப்பதில்லை. கிடையே கிடையாது. நாலு பக்கமும் கம்பி வேலி போட்ட புல் நிலம், ஆடு பாட்டுக்கு ராப்பகலாக அதிலேயே கிடக்கிறது. இந்த நாட்டில் நரி இல்லை, ஓநாய் இல்லை. குளிர்காற்று மட்டும்தான் எதிரி. தெற்கே கடல், அதைத் தாண்டினால் பனிக்கண்டம். அங்கிருந்து மழையோடு காற்று கிளம்பி வந்தால், ஈன்ற ஈரம் காயாத குட்டி ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் குளிர்காலத்திலேயே எல்லா ஆட்டுக்கும் வயிற்றில் ஸ்கேன் எடுத்து, இரட்டைக் குட்டி போடுவதற்கெல்லாம் முதுகில் சாயம் பூசி, காற்று மறைவான நிலத்துக்குப் பிரித்து ஓட்டிவிடுகிறார்கள். ஆட்டுக்கு ஸ்கேனா என்று அப்பா சிரிப்பார். சிரிக்கட்டும்.

இன்னொன்றும் அவரிடம் சொல். குட்டி செத்த தாயிடம் தாயில்லாக் குட்டியை ஒட்டவைக்க, நம் அப்பா சீம்பாலைக் குட்டி மேல் தடவுவார் இல்லையா? இங்கே செத்த குட்டியின் தோலை உரித்து, உயிரோடு இருக்கிற குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுகிறார்கள். தாய் மோந்து பார்த்து, தன் பிள்ளைதான் என்று மடி கொடுக்கும். முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. இப்போது முதலாளியே என்னைக் கூப்பிட்டுத்தான் செய்யச் சொல்கிறார்.

ஆட்டுப் புழுக்கைக்கு இங்கே மரியாதை இல்லை. வயலுக்கு எருவாகும் என்று நம்மைக் கிடை போடச் சொல்லித் தஞ்சாவூர்ப் பக்கம் வயல்காரர்கள் நெல்லும் காசும் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மேட்டு நிலங்களுக்கு உரத்தை விமானத்தில் கொண்டுவந்து தூவுகிறார்கள் அக்கா. அதை நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கணக்குச் சரிதான். கம்பளிக்கும் அதே கதி. நடுவில் சில வருடம் மயிர் கத்தரிக்கிற கூலிக்கே கம்பளி விலை காணவில்லை என்று முதலாளி புலம்புவார். கத்தரிக்காமல் விட்டால் ஆட்டில் புழு வைத்துவிடும், கத்தரித்தால் கைநட்டம் என்று இருந்ததாம். 1982இல் இந்த நாட்டில் ஏழு கோடி ஆடு இருந்ததாம். இன்றைக்கு இரண்டரைக் கோடிக்கும் கீழே. சுற்றியிருக்கிற பண்ணைகள் எல்லாம் ஆட்டை விற்றுவிட்டுக் கறவை மாட்டுக்கு மாறிவிட்டன.

சாப்பாடு பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் இன்வர்கார்கில் டவுனில் கிடைக்கிறது. பண்ணையில் அறுக்கிற கறி இருக்கிறது. ஸ்வீடு என்று ஒரு கிழங்கு, நம் நூக்கோலுக்குப் பெரியப்பா, ஆட்டுக்கும் மாட்டுக்கும் குளிர்காலத் தீவனம் அதுதான், மனிதர்களும் சாப்பிடுகிறார்கள். உறைபனி விழுந்த பிறகு பிடுங்கினால் இனிப்பு கூடும். நான் அதில் சாம்பார் வைக்கிறேன், கறிக்குழம்பிலும் போடுகிறேன். நாலு நாள் தொடர்ந்து சாப்பிட்டாலும் அலுக்கவில்லை. ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுருட்டிச் சுட்டு, மேலே வெண்ணெய் தடவித் தருவார்கள். இந்தப் பக்கத்துப் பலகாரம் அது. மருமகளுக்குப் பிடிக்கும்.

குளிரும் பழகிவிட்டது. வீட்டில் விறகடுப்பு இருக்கிறது, ஆனால் இரண்டு போர்வை போட்டால் அது தேவைப்படுவதில்லை. ஜாக்கெட் நல்ல தடிமனாக ஒன்று கிடைத்தது, யாரோ கொஞ்ச நாள் போட்டதுதான், புதுசு மாதிரியே இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் பாதி சொன்னேன், லைன் போய்விட்டது. பக்கத்து வீடு என்றால் ரோட்டைத் தாண்டி அரைக் கிலோமீட்டர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், தனிக்கட்டை. தண்ணீர்த் தொட்டி உறைந்து கிடக்கிற காலையிலும் அரைக்கால் டவுசர்தான். ஒரு கிழட்டு நாய் வைத்திருக்கிறார். இங்கே ஆட்டு நாயில் இரண்டு வகை. ஒன்று சத்தமே போடாமல் கண்ணால் முறைத்தே ஆட்டைத் திருப்பும். இன்னொன்று, ஹன்ட்அவே, குரைத்துக் குரைத்தே மலை மேலிருந்து மந்தையை இறக்கிவிடும். இது இரண்டாவது வகை. இப்போது ஆடு இல்லாததால் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. கிழவரின் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவராம். இந்தப் பக்கத்து ஆட்கள் ‘ர’வை உருட்டித்தான் பேசுவார்கள், இவர் கொஞ்சம் கூடுதலாகவே உருட்டுவார். எனக்குப் பாதிதான் புரியும். இந்தியாவில் ஆடு உண்டா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். போன வாரம் போனில் தேடிக் காட்டினேன், 2019 கணக்குப்படி நம் நாட்டில் ஏழு கோடியே நாற்பது லட்சம் செம்மறி. உங்கள் 1982 கணக்கையும் தாண்டியாச்சு என்றேன். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் வாசலில் ஒரு மூட்டை ஸ்வீடு கிழங்கு கிடந்தது.

இந்த மனிதர் மேய்ப்பு வேலை, பண்ணை வேலை எல்லாம் பார்த்தவர். ஆனால் பேச ஆரம்பித்தால் நார் மில்லுக்குத்தான் போவார். பள்ளிக்கூடத்தை விட்டதும் முதலில் சேர்ந்தது அங்கேதான். ஃப்ளாக்ஸ் என்று ஒரு செடி இங்கே சதுப்பு நிலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். இலை வாள் போல நீளம், முள் கிடையாது. இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை ஹரக்கேக்கே என்பார்கள். காலகாலமாக அவர்களுக்குத் துணி, பாய், கயிறு, வலை எல்லாமே அதன் நார்தான். வெள்ளைக்காரர்கள் வந்து மில் வைத்தார்கள். கயிறு, கதிர்க்கட்டுச் சணல், கம்பளி மூட்டை கட்டுகிற சாக்கு வரைக்கும் அதில் செய்தார்கள். ரிவர்ட்டன் பக்கத்தில் ஒரு மில் 1972 வரை ஓடி, இப்போது பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

அம்மா, இது உனக்கு. நீ ஊருணியில் கற்றாழை மடலை ஊறப்போட்டு, அழுகின பிறகு அடித்து அலசி நார் எடுப்பாய். இவர்கள் ஊறப்போடுவதில்லை. பச்சை இலையை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட வேண்டும். உள்ளே இரும்பு உருளை சுற்றிக்கொண்டு, இலையின் சதையை அடித்துத் தள்ளிவிட்டு நாரை மட்டும் வெளியே துப்பும். அது போடுகிற கூச்சல் அடுத்த ஊருக்குக் கேட்குமாம். கிழவருக்கு ஒரு காது மந்தமானது அதில்தான். இலை விடுகிற ஆள் கண் அசந்தால் விரல் போகும். வந்த நாரைத் தண்ணீரில் அலசி, புல் வெளியில் நாள்கணக்காக வெயிலுக்கும் பனிக்கும் விரித்துப் போடுவார்கள், பச்சை நிறம் போய் வெளுக்கும். அப்புறம் தூசு போக இன்னொரு மெஷினில் அடித்து, அழுத்தி, பொதி கட்டுவார்கள். எட்டு டன் இலை வெட்டினால் ஒரு டன் நார் தேறும் என்றார். உன் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தானே இருக்கும்? ஒரு தலைச்சுமை மடலுக்கு ஒரு பிடி நார்!

நைலான் வந்தது, மில்கள் மூடின. சதுப்பு நிலத்தை வடியவைத்துப் புல் போட்டார்கள். மிச்சம் இருப்பது வேலி ஓரத்துச் செடிகள்தான். அதன் மறைவில்தான் நம் குட்டிகள் காற்றுக்கு ஒதுங்குகின்றன. ஓய்வு நாளில் கிழவரோடு போய் ஓரம் வெட்டிக்கொடுக்கிறேன், சும்மா பொழுதுபோக்குக்குத்தான். அவர் கறியும் விறகும் கொடுப்பார், வேண்டாம் என்றால் கோபப்படுவார். முதல் நாள் நான் அரிவாளைப் போட்டதும் கையைப் பிடித்துவிட்டார். நடுவில் இருக்கிற குருத்து பிள்ளையாம், இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கிற இலைகள் அப்பா அம்மாவாம். அந்த மூன்றையும் தொடவே கூடாது, வெளி இலையை மட்டும் சாய்வாக அறுக்க வேண்டும். மழையில் வெட்டக் கூடாது. இதெல்லாம் மாவோரிகள் சொல்லிக்கொடுத்த முறை. இலையின் அடியில் கற்றாழைச் சோறு மாதிரியே ஒரு பசை இருக்கிறது, சுட்ட புண்ணுக்குத் தடவுகிறார்கள். கையில் அது பட்ட அன்றைக்கு, நீ நார் உரித்துவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டுகிற கை வாசனை. அந்த அழுகல் வாசனை பிடிக்காமல் சின்ன வயதில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், ஞாபகம் இருக்கிறதா?

அப்பாவிடம் ஒன்று கேட்டு வாங்கி அனுப்பு அக்கா. சாயங்காலம் மேட்டில் நின்று ஆட்டைத் திருப்ப ஒரு குரல் கொடுப்பாரே, அதை உன் போனில் பதிவு பண்ணி அனுப்பு. இங்கே ஆடு மனிதனைக் கண்டால் ஓடுகிறது, நாயும் வண்டியும்தான் அதற்குப் பழக்கம். ஒருநாள் ராத்திரி சுற்றிப் பார்க்கப் போனவன், யாரும் இல்லை என்று அப்பா மாதிரியே குரல் கொடுத்துப் பார்த்தேன். மொத்த மந்தையும் மிரண்டு வேலிப் பக்கம் ஓடிவிட்டது. நான் குரலை நிறுத்திவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றேன். குரல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை, புதுசாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது, அதைப் பழக்குவதற்குத்தான். நீளமாகவே பதிவு பண்ணு. நடுவில் அம்மா ஏதாவது பேசினாலும் வெட்ட வேண்டாம்.

இதுவரைக்கும் படித்துக் காட்டினால் போதும்.

அக்கா, மச்சான் இரண்டு பேருக்கும்:

ஏஜென்ட் பாக்கி பற்றி மச்சான் கேட்டிருந்தார். அது கிட்டத்தட்ட முடிந்த கணக்குதான், அவர் யோசிக்க வேண்டாம். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு. குளிர்காலத்தில் வாடகை, கரண்டு எல்லாம் சேர்ந்து வரும், வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் சேர்த்துப் போடுகிறேன். அம்மாவின் சங்கிலிக்கு இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டி ரசீதை மாற்றிவிடுங்கள். எங்கே என்று கேட்டால் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்.

மருமகள் காதுகுத்து. நீ தை என்று எழுதியிருக்கிறாய். தையில் இங்கே கம்பளி கத்தரிப்பு, குட்டி பிரிப்பு, முதலாளி விட மாட்டார். வைகாசிக்குத் தள்ளினால் எனக்கு வசதி. தள்ள முடியாது, நாள் குறித்தாயிற்று என்றால் பெரியப்பா மகன் மடியில் அவளை உட்காரவைத்துக் குத்திவிடு, எனக்கு வருத்தம் இல்லை. சீர் மட்டும் என் பேரில்தான் வர வேண்டும். தோடு, பட்டுப்பாவாடை, தட்டு வரிசை எல்லாம் என்ன ஆகும் என்று கடையில் விசாரித்து எழுது. நான் அனுப்புவேன். நீயே வாங்கிவைத்துவிட்டு தம்பி வாங்கினான் என்று சொல்லும் வேலை வேண்டாம். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, இங்கே ஆட்டுத்தோல் செருப்பு மெத்தென்று இருக்கும்.

ஆட்டை மொத்தமாக விற்றுவிட்டு அப்பா உன் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று மச்சான் சொல்கிறார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அப்பாவின் முழங்காலுக்கு இனித் தஞ்சாவூர் வரை நடை ஆகாது என்பதும் சரிதான். ஆனால் மொத்தத்தையும் விற்றுவிட்டு அவரைத் திண்ணையில் உட்காரவைத்தால் ஒரு மாதம் தாங்க மாட்டார். என் யோசனை இது. ஈனக்கூடிய பெட்டை ஒரு நாற்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளட்டும், ஊர்ப் பக்கத்திலேயே மேயட்டும். கிழடு, மலடு எல்லாம் கழித்துவிடுங்கள். வெளிக்கிடைக்குச் சித்தப்பா மந்தையோடு சேர்த்து ஓட்டுவது வேண்டாம், பங்கு பிரிக்கையில் போன தடவை நடந்த பேச்சு போதும்.

மழை பிடிப்பதற்குள் துள்ளுமாரி நோய்க்கு ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள், மச்சான் ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைக் கிடைக்கே கூட்டிவரட்டும். இங்கே சினை ஆட்டுக்கு ஈனுவதற்குச் சில வாரம் முன்பே ஊசி போட்டுவிடுகிறார்கள், சீம்பால் வழியாகவே குட்டிக்கும் எதிர்ப்பு போய்விடும். நம் ஆட்டுக்கும் அப்படிப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்.

கிடாக்குட்டிகளைத் தீபாவளிக்கு முந்தின சந்தையில் விற்றுவிடுங்கள். வீட்டு வாசலுக்கு வருகிற வியாபாரியிடம் கண்ணால் பார்த்து மதிப்புப் போட விடக் கூடாது. எடை மிஷினில் தூக்கி நிறுத்திக் கிலோ விலை பேசச் சொல். அப்பா கூச்சப்படுவார், பழகின ஆள் என்பார். மச்சான் கூட இருந்தால் நடக்கும். காசு வந்ததும் முதலில் சந்தைப்பேட்டைப் பெரியவருக்கு வட்டியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மா கணக்கில் போடு.

இப்படிக்கு,
தம்பி