கான்டெஸாவா, சன் ஒடிசியா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, அதனால் தாமதம் என்று எழுதித் தப்பித்திருக்கலாம். ஆனால் வலி குறைந்துவிட்டது, நடக்கிறேன். நீ கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "பாய்மரப் படகு வாங்கப்போகிறேன், பழைய கான்டெஸா 32 வாங்கவா, புதுசான சன் ஒடிசி 349 வாங்கவா, ஒரே வரியில் சொல்" என்றால் எப்படியப்பா? இரண்டிலும் ஒவ்வொரு வாரம் கடலில் கிடந்துவிட்டு வந்தவன் நான்.

முதலில் பழையது, கான்டெஸா. 1970களின் தொடக்கத்தில் வந்த படகு, டேவிட் சாட்லர் வரைந்தது. 32 அடி நீளம் என்றாலும் தண்ணீரைத் தொடுவது 24 அடிதான். அகலம் ஒன்பதரை அடி. மொத்த எடை 4.3 டன், அதில் 2 டன்னுக்கு மேல் கீலில், அதாவது படகின் அடியில் துடுப்பு போலத் தொங்கும் பகுதியில், வைத்த பாரம். கிட்டத்தட்ட பாதி! அந்தப் படகின் குணம் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது. காற்று ஏறியதும் சட்டென்று சாயும், புதிதாக ஏறியவனுக்கு வயிறு கலங்கும். அப்புறம் ஒரு கோணத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குமேல் தள்ளினாலும் அசையாது.

1979இல் நடந்த ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தின் கதையை விற்பவர் உன்னிடமும் சொல்லியிருப்பார். கிளம்பியவை 303 படகுகள். புயலில் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்துபோனார்கள், மூன்றில் ஒரு பங்கு படகுகள்கூட முடிக்கவில்லை. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது 'அசென்ட்' என்ற ஒரே ஒரு கான்டெஸா 32. அதே படகு பிற்பாடு கிரீன்லாந்து, அண்டார்டிகா என்றெல்லாம் சுற்றியது. எல்லாம் உண்மைதான். ஆனால் நீ அண்டார்டிகாவுக்கா போகப்போகிறாய்?

அந்தப் படகில் இருப்பது எப்படி என்று கேள். காற்றை எதிர்த்துப் போனால் டெக் என்கிற மேல்தளம் முழுக்கத் தண்ணீர். சுக்கானைத் திருப்பும் கைத்தடியான டில்லரைப் பிடித்தவன் அரை மணியில் நனைந்துவிடுவான். உள்ளே இறங்கினால் ஒரே இடுக்கு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த இடுக்கில்தான் நான் தேநீர் போட்டேன். முதுகு ஒரு பலகையில், முட்டி இன்னொரு பலகையில், கை நீட்டினால் எல்லாம் எட்டும். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்புறம் சாய்ந்த பக்கத்துப் படுக்கையில் சுருண்டால் தொட்டில் மாதிரி.

சன் ஒடிசி 349 மார்க் லோம்பார் வரைந்தது, 2014 வாக்கில் வந்தது. 10.34 மீட்டர் நீளம், 3.44 மீட்டர் அகலம். அந்த அகலம் குறையாமல் பின்புறம் வரைக்கும் வரும். விலாவில் கத்தியால் மடித்தது போல ஒரு விளிம்பு, அடியில் இரண்டு சுக்கான்கள். நீர்மட்ட நீளம் 30 அடிக்கு மேல் என்பதால் ஓட்டத்திலும் முந்தும்: கான்டெஸா மணிக்கு ஆறரை கடல்மைல் வேகத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது இது ஏழைத் தாண்டிப் போகும். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், பின்னால் இரண்டு பேர் கை கால் நீட்டிப் படுக்க அறை. நங்கூரம் போட்டுவிட்டு மாலையில் உட்கார்ந்தால், சொல்லக்கூடாது, பழைய படகு நினைவுக்கே வராது.

கடல் கொஞ்சம் கோபித்துக்கொண்டால் கதை வேறு. தட்டையான அணியம், படகின் முன்பகுதி, அலையில் விழும்போது தடார் என்று ஒரு சத்தம், பல் கூசும். அகலமான கூடத்தில் கையில் கோப்பையோடு நடந்தேன். பிடித்துக்கொள்ள எதுவும் அருகில் இல்லை. போய் மேஜை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டேன், பத்து நாள் நீலம். துறைக்குள் நுழையும்போது இன்னொரு பாடம். ஒற்றைச் சுக்கான் படகில் சக்கரத்தைத் திருப்பி எஞ்சினை ஒரு தட்டு தட்டினால், புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டுப் பின்புறம் திரும்பும். இதிலோ சுக்கான்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்க, தண்ணீர் நடுவில் ஓடிவிடுகிறது. படகு கொஞ்சம் நகர்ந்தால்தான் சுக்கானுக்கு உயிர் வரும். அது தெரியாமல் மிதவைத் துறையில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட்டைத் தேய்த்தேன். தப்பு என்னுடையதுதான்.

கவிழ்வது பற்றி நீ கேட்டிருந்தாய். கான்டெஸா 155 பாகை வரை சாய்ந்தாலும் எழுந்துவிடும். இன்றைய அகலப் படகுகள் பலவற்றுக்கு எல்லை 120ஐ ஒட்டியே இருக்கிறது. அகலம் நிமிர்ந்திருக்கும்போது எவ்வளவு உதவுமோ, தலைகீழானால் அவ்வளவும் நமக்கு எதிராக நிற்கும். ஆனால் வானிலை பார்த்துக் கிளம்பும் உன்னைப் போன்றவனுக்கு அந்த ராத்திரி வருவது அபூர்வம்.

செலவு? பழையதில் வாங்கும் விலை முன்பணம்தான். பாய்மரக் கம்பிகள், ஒயரிங், எஞ்சின் என்று வரிசையாக வரும். புதியதில் ஒன்று மட்டும் பார்: எப்போதாவது தரைதட்டியதா என்று கேட்டு, கீல் போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் தேடு.

சரி, என் தீர்ப்பு. உன் போன வருடக் குறிப்பேட்டை எடுத்து, நங்கூரத்தில் தூங்கிய ராத்திரி எத்தனை, ஓடிக்கொண்டே கழித்த ராத்திரி எத்தனை என்று எண்ணு. எனக்குத் தெரிந்து இரண்டாவது நான்கைத் தாண்டாது. தங்கச்சியும் கூட வருகிறாள், குனிந்து நிமிர அவளுக்கு முடியாது. 349ஐ வாங்கு. நான் தனியாக, அலைக்கு நடுவே இருக்கப்போகிறவன், கான்டெஸாவை எடுப்பேன். அது என் கிறுக்கு.

கேட்க மாட்டாய், கான்டெஸாவையும் ஒருமுறை பார்க்கத்தான் போவாய். அப்போது என்னைக் கூப்பிடு. டெக்கை அடிக்கு அடி தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் டங் என்று கேட்கும், உள்ளே பலகை ஊறிப்போன இடத்தில் பொத் என்று கேட்கும். சின்னச் சுத்தியல் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்