வசனத்துக்கு முன் சீன் ஆர்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் படக் கனவோடு வரும் தம்பிகள் பலர் எடுத்தவுடன் வசனம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் நல்ல வசனத்தை விட மனமில்லாமல் வேண்டாத காட்சியையும் சுமக்கிறார்கள். முதலில் ஒன்லைன் (ஒரே வரியில் கதை), பிறகு சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை). ஒரு காட்சிக்கு ஓர் அட்டை: எந்த இடம், பகலா இரவா, யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. நாலு வரி போதும். ஓர் அட்டையை உருவிப் பாருங்கள். கதை தடுமாறவில்லையென்றால் அந்தக் காட்சி தேவையில்லை. இடைவேளை அட்டையை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் இரண்டாம் பாதி நொண்டும் (பழி எடிட்டர் தலையில் விழும்).

'அவன் மனம் உடைந்தான்' என்பதைக் கேமரா எடுக்காது. அவன் முன்னால் ஆறி, ஆடை கட்டிய டீயை எடுக்கும். வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள்.

- ஒரு வாசகர், வடபழனி